அரங்கேற்றம் மூன்றாம் முறை தள்ளிப்போனது பற்றி

மேற்குத் தாம்பரம்,
12-7-92, ஞாயிறு காலை 6.40.
தள்ளிப்போனது: மூன்று முறை.

மதிப்பிற்குரிய தட்சிணாமூர்த்தி மாமா அவர்களுக்கு, மைத்துனன் தசரதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலமில்லை; முழங்கால் இரண்டும் மடங்கவில்லை, காரணம் கீழே வருகிறது. அங்கு நீங்கள் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், விசாரிக்கப் பொறுமையில்லை.

மாமா, நீங்கள் எனக்குப் பார்த்து நிச்சயித்த சாவித்ரியின் அப்பா பொன்னுரங்கம் போட்ட கண்டிஷன் ஞாபகமிருக்கும்: பரதநாட்டிய அரங்கேற்றம் முடிந்துதான் கல்யாணம். ஆறு வருசமா கத்துக்கினு கீது, மேடை ஏத்தாம அனுப்பிச்சா அஸ்தினாபுரமே சிரிக்கும் என்றார். சரி என்றோம். முதலில் சித்திரை என்றார்கள். வர்ணம் என்கிற பெரிய உருப்படி இன்னும் பழுக்கவில்லை என்று டான்ஸ் டீச்சர் ரத்தினபாய் ஆனிக்குத் தள்ளினார். ஆனியில் கேட்டால் முகத்தில் விரகம் வரவில்லையாம், ஆவணி என்றார். நிச்சயம் பண்ணி பதினோரு மாதமாகிறது, எனக்கு வந்துவிட்டது, அவளுக்கு ஏன் வரவில்லை என்று யாரிடம் போய்க் கேட்பது? நேற்று, ஆவணியும் வேண்டாம், தையில் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

நான் மெஷின் ஷாப்பில் இருப்பவன். புதுப் பையனை லேத்தில் நிறுத்தினால் ஆறு மாதத்தில் ஷாஃப்ட் கடைகிறான், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதனால் நேற்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குப் போய், நன்றாக ஆட மொத்தம் எத்தனை நாளாகும் என்று கேட்டேன். ஆகும்போது ஆகும் என்றார். அது தேதியில்லையே என்றேன். உடனே என்னை அரைமண்டியில் உட்காரச் சொன்னார்: முழங்கால் வெளிப்பக்கம் திரும்பி, முதுகு நிமிர்ந்து, பாதி உட்கார்ந்து பாதி நிற்பது. எந்த இன்ஜினியரும் இப்படி ஒரு டிசைன் போடமாட்டான். கிளாஸ் பெண்பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எழுந்திருக்க வெட்கம், இருக்கவும் முடியவில்லை, பேண்ட் தையல் விட்டது, அதை மறைக்கத் திரும்பினேன், தாளம் போடும் கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வீடு திரும்ப, குரோம்பேட்டை ஸ்டேஷன் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கி முடிப்பதற்குள் இரண்டு ரயில் போய்விட்டது. இதைவிடத் தலைசுற்றல், வழியில் பார்த்த சாவித்ரியின் அம்மா, எங்க பொண்ணு போன வருசமே ஜோரா ஆடிச்சே மாப்ளே என்கிறார். ஆடத் தெரிந்தவளுக்கு ஆட வரவில்லை என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்கிறார்கள்? எனக்கு ஒண்ணும் புரியல மாமா, ஒரே பேஜாரா இருக்கு. நீங்க நேர்ல வந்து ரெண்டுல ஒண்ணு பேசுங்க. தேதி குடுக்கட்டும், இல்லாட்டி சம்பந்தமே வேணாம்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நடனம் தவிர எல்லாவற்றிலும் தேர்ச்சி பெறட்டும்.

இப்படிக்கு,
நொண்டிக்கொண்டிருக்கும்
தசரதன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சாவித்ரியே வந்துவிட்டாள், முழங்காலுக்குத் தைலம் எடுத்துக்கொண்டு. அவள் அம்மா கீழே வீட்டுக்காரம்மாவிடம் பேச்சுக்கொடுத்த நேரத்தில் மாடிப்படியிலேயே நின்று சொல்லிவிட்டாள். டீச்சர் மேல் தப்பில்லையாம். மூன்று முறையும் தள்ளச் சொன்னது அவளேதானாம். ஏன் என்றேன். பெண் பார்க்க வந்த அன்று மாமா, நீங்கள்தான் பஜ்ஜி தின்றுகொண்டே, அரங்கேற்றத்தோடு சலங்கையைப் பரணில் போட்டுவிடலாம், எங்கள் வீட்டில் ஆட்டமெல்லாம் பழக்கமில்லை என்றீர்களாம். நானும் தலையாட்டினேனாம். எனக்கு ஞாபகமில்லை, நானும் அப்போது பஜ்ஜியில்தான் இருந்தேன்.

"நல்லா ஆட எத்தினி நாளாகும்னு கேட்டீங்களாமே. அதுக்கப்புறம் எத்தினி நாள் ஆட வுடுவீங்க?" என்றாள்.

என்னிடமும் தேதியில்லை மாமா. ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. மேலே எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். திரும்ப எழுதப் பொறுமையில்லை, அப்படியே அனுப்புகிறேன்.
2. பொன்னுரங்கத்திடம் போய், கல்யாணம் ஆவணியில், அரங்கேற்றம் அவள் சொல்லும்போது என்பேன்.
3. ஒப்பாவிட்டால் அவர் வாசலிலேயே அரைமண்டியில் உட்காருவேன். எழுந்திருக்க எப்படியும் முடியாது.
4. கல்யாணத்துக்கப்புறமும் அவள் ஆடுவாள் என்று அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன். உங்களுக்குக் கல்யாணத்தில் பஜ்ஜி கிடையாது.
5. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறேன். தரைத்தளம், கெட்டித் தரை, பரண் இல்லாமல்.