துடைத்த பாறையில் ஏறிய இங்க்ரிட்

அன்புள்ள ஆரின் அண்ணனுக்கு,

தம்பி டெல்பர்ட் எழுதுவது. கலிஃபோர்னியாவில் நானும் என் முழங்காலும் ஒருவாறு நலம். நெப்ராஸ்காவில் நீங்களும் அண்ணியும் சோளக்காடும் நலமென்றே நம்புகிறேன். நிற்க. உங்கள் தம்பி மகள் இங்க்ரிட் ஜெயித்துவிட்டாள் அண்ணா! எழுநூறு அடிப் பாறை, இடுப்பில் கயிறு கிடையாது, கையும் காலும்தான். "கயிறு இல்லாம ஏறுறவளைப் படம் எடுக்க வர்றாங்கன்னா, விழறதை எடுக்கத்தான்டா வர்றாங்க" என்று போனில் சொன்னீர்களே, அந்தப் பேச்சை இன்றைய காபியோடு சேர்த்து விழுங்கிவிடுங்கள்.

ஆவணப்படக்காரர்கள் ஐந்து வாரமாக எங்கள் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்திருந்தார்கள். என்றைக்கு ஏறப் போகிறாய், எந்தப் பாறை என்று யாரும் இங்க்ரிட்டைக் கேட்கக் கூடாது. கேட்டால் மனசு இல்லாத நாளிலும் ஏறித் தொலைப்பாளாம். இங்கே அப்படித்தான் வழக்கம். நானும் கேட்கவில்லை, அதில்தான் வந்தது வினை. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன் சும்மா இருக்க முடியாமல், செவ்வாய்க்கிழமைதோறும் பாறை சுத்தம் செய்யும் தொண்டர்களோடு போகிறேன் அல்லவா? ஏறுகிறவர்கள் கையில் பூசும் வெள்ளைப் பொடி பாறையெல்லாம் அப்பிக் கிடக்கும், அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். அந்தச் செவ்வாய் எனக்கு ஒதுக்கியது கழுகுமூக்குப் பாறையின் நடுத்திட்டு. பின்பக்கப் பாதையில் அந்தத் திட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள். எவனோ கிறுக்கியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, பஸ் கண்ணாடியைத் துடைப்பதுபோல ஒன்றுவிடாமல் துடைத்துவிட்டு வந்தேன்.

வியாழன் காலை படக்காரர்கள் கூப்பிட்டார்கள், ஓடினேன். அதே கழுகுமூக்கு! மகள் அதற்குள் இருபது அடி ஏறிவிட்டாள். படமெடுக்கும் நாடியா என் காதில் சொன்னாள்: "நடுத்திட்டுக்கிட்டதான் சார் உயிர் போற இடம். கால் வைக்கிற இடத்துக்கெல்லாம் வெள்ளைக் கோடு போட்டு வெச்சிருக்கா. அதைப் பாத்துப் பாத்துதான் வைப்பா."

அந்தக் கோடுகளைத்தானே நான் துடைத்துவிட்டு வந்தேன்! கத்தலாமா? கயிறில்லாமல் ஏறுகிறவளைக் கீழேயிருந்து கூப்பிட்டால் அந்தத் திடுக்கிடலே போதும். ஆக, மூன்று மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை அண்ணா. "இவனால பத்து நிமிஷம் பேசாம இருக்க முடியாது" என்று அம்மாவிடம் கோள் சொன்னவர் நீங்கள்! நாடியாதான் ஏனோ என்னைத் திரும்பித் திரும்பி முறைத்தாள். நடுத்திட்டில் இங்க்ரிட் நின்றாள். கேமராக்காரன் கண்ணை மூடிக்கொண்டு, "முடிஞ்சதும் சொல்லுங்கப்பா" என்றான். அவள் வலது கால் பாறையைத் தடவியது, நின்றது, ஒன்றுமே இல்லாத இடத்தில் ஊன்றியது. பிறகு ஏதோ வீட்டு மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிப் போய் உச்சியில் நின்று கையை ஆட்டினாள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். இப்படி ஒருத்தியைப் பெற்றதற்கு இன்னும் நூறு வருஷம் மார்தட்டுவேன்.

நான் துடைத்த விஷயம் அவளுக்குத் தெரியாது. உங்களோடு இருக்கட்டும். அண்ணிக்கு என் அன்பு. உங்கள் சோளத்துக்கு வேண்டிய மழை வேண்டிய நாளில் பெய்யட்டும்.

இப்படிக்கு,
வாயை மூடி வென்ற தம்பி,
டெல்பர்ட்

பி.கு.: பெரியப்பா, இது இங்க்ரிட். தபாலில் போடச் சொல்லி உறையை ஒட்டாமல் கொடுத்தால் படிக்காமல் இருப்பேனா? கோடுகள் போனதைப் புதன்கிழமையே கயிற்றில் இறங்கிப் பார்த்துவிட்டேன். அப்படித் தேய்க்க இந்த ஊரில் அப்பாவை விட்டால் வேறு ஆளில்லை. திரும்பப் போட்டால் திரும்பத் துடைப்பார் என்று, கோடே இல்லாமல் அந்த இடத்தை நாற்பது தடவை பழகிக்கொண்டேன். அப்புறம், வாயே திறக்கவில்லையாமே! "வலது காலு, கண்ணு... ஐயோ கடவுளே, வலது காலு" என்று மூன்று மணி நேரமும் முனகியிருக்கிறார், பள்ளத்தாக்கில் அது எதிரொலித்து உச்சிவரை வந்தது. அந்தச் சத்தத்தைப் படத்திலிருந்து எடுத்துவிடவா என்று நாடியா கேட்டாள். ஒரு முனகலைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அங்கே மேலே எனக்குத் துணைக்கு இருந்தது அது ஒன்றுதான்.