கண்மூடி அண்ணாச்சிக்கு என் நம்பர் தெரியும்

திருவனந்தபுரத்தில் எனக்கு மிக நெருக்கமான மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: கண்மூடி அண்ணாச்சி. அவர் பெயர் என்ன என்று கேட்டால்தான் விழிப்பேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அவருடைய பெயரோ, ஊரோ, வயதோ எனக்குத் தெரியாது. எனக்கு மட்டுமல்ல, சாலை என்று பெயர்கொண்ட எங்கள் கடைத்தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கலாம். அதுவும் சந்தேகம்தான்.

சாலையில் நான் கணக்கெழுதும் அரிசி மண்டிக்கு எதிரே, குடைக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு இருந்தது அவருடைய போட்டோஸ்டாட் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு பிளாஸ்டிக் வாளி, அண்ணாச்சி. இதற்கு மேல் உள்ளே ஒரு குண்டூசி வர வேண்டுமென்றால் அண்ணாச்சி வெளியே வர வேண்டும்.

அடுத்தவர் காகிதத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவர் கொள்கை. போட்டோஸ்டாட் கடைக்காரருக்கு இப்படி ஒரு கொள்கை இருந்தால் பிழைப்பு என்னவாகும்? அண்ணாச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். காகிதத்தைக் கவிழ்த்துத்தான் கொடுக்க வேண்டும். வாங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். கண்ணாடியைத் தடவி, அதன் மேல் காகிதத்தை வைத்து, பொத்தானைத் தடவி அமுக்கி, வெளியே வரும் நகலையும் தடவியே எடுத்து நீட்டுவார். "பைக்குள்ள வச்சாச்சா?" என்று கேட்பார். "வச்சாச்சு" என்று பதில் வந்த பிறகுதான் கண் திறக்கும்.

இதில் ஒரே ஒரு சங்கடம், நகல் நேராக விழாது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் காணாமல் போவார். மார்க் ஷீட்டில் பாடங்கள் இருக்கும், மார்க் இருக்காது. ஒருநாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர் தன் ஆதார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்று கத்தினார்.

"அண்ணாச்சி, எண்டெ தல எவிடே?"

"ஒங்க தல ஒங்க கழுத்து மேலதான் இருக்கு சேச்சி. பேப்பர்ல எதுக்கு?"

"ஒந்நு கண்ணு தொறந்து எடுக்கான் பாடில்லே?"

"கண்ணத் தொறந்தா ஒங்க வயசு தெரிஞ்சிரும். பரவாயில்லியா?"

டீச்சர் ஒரு கணம் யோசித்தார். பிறகு காகிதத்தைக் கவிழ்த்து நீட்டினார்.

அதே தெருவில் பளபளவென்று ஏசி போட்ட கடைகள் இருந்தன. காலேஜ் விண்ணப்பம், கட்டிட வரைபடம் எல்லாம் அங்கே போகும். பெண்ணின் ஜாதகம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், விவாகரத்து நோட்டீஸ் இவையெல்லாம் அண்ணாச்சியிடம் வரும். தலை போனாலும் மானம் போகாது என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை.

கெட்டுப்போன நகல்களை அவர் குப்பையில் போட்டுப் பார்த்ததில்லை. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, மாலையில் கையை விட்டுப் பிசைந்து கூழாக்கிவிடுவார். "குப்பையில போட்டா கடலக்காரன் கைக்குப் போயிரும் தம்பி" என்பார். கடலைக்காரர்கள் மேல் அவருக்கு ஏன் இந்தக் கோபம் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் வறுகடலை வாங்கியபோது புரிந்தது.

அண்ணாச்சிக்குக் கிடைத்த பொட்டலம், யாரோ ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட். பார்த்த உடனே கண்ணை மூடிவிட்டார். ஆனால் அதற்குள் விலாசம் கண்ணில் பட்டுவிட்டது. பாவம் செய்துவிட்டவர் மாதிரி, அதை உரியவரிடம் ஒப்படைத்தே தீர வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவுக்கு நடந்தார். கதவைத் திறந்த மாமா எண்ணெய்ப் பிசுக்கோடு நீட்டப்பட்ட காகிதத்தைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார்.

"எங்காத்துப் பொண்ணோட ரிப்போர்ட் உம்ம கைக்கு எப்படி வந்தது?"

"கடலையோட வந்துது சாமி."

"கடலையோடயா?"

"கடலயத் தின்னாச்சு. இத அப்படியே கொண்டாந்துட்டேன்."

அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் முளைத்தன. மாமா என் பக்கம் திரும்பி, "இவர் பேர் என்ன?" என்றார். பயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "கண்மூடி அண்ணாச்சி."

"கண்மூடின்னா இதை எப்படி வாசிச்சார்?" என்று பாய்ந்தார் மாமா. உள்ளேயிருந்து மாமி வந்து விஷயத்தைப் புரிந்துகொண்டிராவிட்டால் அன்றைக்கு இரண்டு பேரும் ஸ்டேஷனில் இருந்திருப்போம். கடைசியில் காப்பி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அண்ணாச்சி காப்பியையும் கண்ணை மூடிக்கொண்டே குடித்தார்.

சரி, பெயருக்கு வருகிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் இப்போது பில் போடுமுன் பெயரும் நம்பரும் கேட்கிறார்களே, அண்ணாச்சி முகம் கோணாமல் கொடுப்பார். ஆனால் கடைக்கு ஒரு பெயர். ஜவுளிக்கடையில் சுந்தரேசன். செருப்புக்கடையில் ஜோசப். ரத்தப் பரிசோதனை லேபில் பாஸ்கரன். சூப்பர் மார்க்கெட்டில் லில்லிக்குட்டி.

"அதென்ன அண்ணாச்சி, லில்லிக்குட்டி?"

"பேருல என்ன தம்பி ஆணும் பொண்ணும்? நாளைக்கு எவனாவது லில்லிக்குட்டி இருக்காளான்னு போன் போட்டாம்னா, நம்பர வித்தது சூப்பர் மார்க்கெட்டுக்காரன்னு தெரிஞ்சிரும், கேட்டியளா?"

போன் வரவும் செய்தது. நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு பெண் குரல், "லில்லிக்குட்டி மேடம் அல்லே?" என்றது. அண்ணாச்சி மிக மரியாதையாக, "மேடம் குளிச்சிட்டு இருக்காவ" என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு அந்த சூப்பர் மார்க்கெட் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

இந்தப் பெயர்களின் அருமை எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரியில். எனக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் அமையவில்லை. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாகர்கோவிலில் ஒரு தங்கை, அவளுக்கு அவள் பாடு. டைபாய்டு வந்து நான் படுத்துக் கிடந்தபோது பார்க்க வர ஆளில்லை, அண்ணாச்சியைத் தவிர. தினமும் மதியம் கடையை அடைத்துவிட்டுக் கஞ்சிப் பாத்திரத்தோடு வருவார். வாசலில் பார்வையாளர் சீட்டுக்குப் பெயர் கேட்பார்கள். ஒருநாள் சுந்தரேசன், சித்தப்பா. மறுநாள் ஜோசப், பெரியப்பா. அடுத்த நாள் பாஸ்கரன், தாய்மாமா. சீட்டுகளை வாங்கி வாங்கி வைத்த நர்ஸ் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"சாரினு இத்ர பந்துக்களோ! பின்னே, எல்லாருக்கும் ஒரே முகமாணல்லோ?"

"அப்பன் ஒருத்தன்தானே சிஸ்டர்" என்றார் அண்ணாச்சி, கஞ்சியை ஆற்றிக்கொண்டே.

யாருமில்லாமல் போய்ப் படுத்தவன், ஒரு பெரிய குடும்பத்துக்குச் சொந்தக்காரனாக வீடு திரும்பினேன்.

அப்புறம் அந்த லேப் சமாசாரம் வந்தது. ஊரெல்லாம் கிளை வைத்திருந்த அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் யாரோ புகுந்து, பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்த அத்தனை பேருடைய விவரத்தையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பத்திரிகையில் வருவதற்கு முன்பே அண்ணாச்சியின் போனில் ஒரு குரல், "பாஸ்கரன் சார்தானே?" என்று கேட்டுவிட்டது. "லேபு போச்சு! லேபு போச்சு!" என்று அவர் தெருவில் இறங்கிக் கூவினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மாதம்தான் இட்லிக்கடைக்காரர்மேலும் இதே குற்றச்சாட்டை அவர் வைத்திருந்தார்.

பிறகு ஒவ்வொருவராக மாட்டினோம். ஜவுளிக்கடை முதலாளிக்கு மூல வியாதி இருக்கும் விஷயம் அவர் மனைவிக்கே தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து லேகியம் விற்கிறவன் போன் போட்டு, ஸ்பீக்கரில், கடை நிறைய ஆளிருக்கும்போது விசாரித்தான். எனக்கு வந்தவன் இன்னும் மோசம். என் அப்பா பெயர், வீட்டு நம்பர், சர்க்கரை அளவு எல்லாம் ஒப்பித்துவிட்டு, "இன்னிக்கு பர்த்டே இல்லையா சார், ஹாப்பி பர்த்டே" என்றான். அந்த வருடம் எனக்கு வந்த ஒரே வாழ்த்து அது. அதைக் கேட்டு ஒரு கணம் மனசு குளிர்ந்தது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தினார்கள். கம்பெனி, வருந்துகிறோம், பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு மெசேஜ் அனுப்பியது. பாஸ்வேர்டை மாற்றலாம். பிறந்தநாளை எங்கே போய் மாற்றுவது?

அண்ணாச்சி தன் சிம் கார்டைக் கத்திரிக்கோலால் நறுக்கி வாளியில் போட்டார். இனிமேல் போனே வேண்டாம் என்றார்.

"என் நம்பரையாவது எழுதி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"எழுதுனா கடலக்காரன் கைக்குப் போயிரும். ஒங்க நம்பரு என் மண்டைக்குள்ள கெடக்கு தம்பி. அங்க எந்தக் கம்பெனிக்காரனும் கைவைக்க முடியாது." அப்போது டீ கொண்டுவந்த டீக்கடைக்காரர் காதில் விழாதபடி என் எண்ணை முணுமுணுத்துக் காட்டினார். ஒரு இலக்கம் பிசகவில்லை. "ஆனா இது ஊரு பூரா நாறிப்போச்சு. மாத்திருங்க. புது நம்பர மொதல்ல எங்கிட்ட சொல்லணும், பாத்துக்கிடுங்க."

மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் கடைவரிசையே கைமாறிவிட்டது. இடித்துக் கட்டப் போகிறார்கள். பெயரைப் பதிந்துகொண்டால் பழைய ஆட்களுக்குப் பக்கத்திலேயே இடம் உண்டு. புது முதலாளியின் மேனேஜர் கையில் ஒரு டேப்லெட்டோடு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஐடி காப்பி மதி, வேற ஒண்ணும் வேண்டா. சிஸ்டத்தில் கேற்றணும்."

"சிஸ்டத்துக்குச் சாவி யாருட்ட இருக்கு?"

"அது... கொச்சியில் ஒரு கம்பெனி."

"கம்பெனிக்குச் சாவி?"

மேனேஜர் டேப்லெட்டை மூடிக்கொண்டு கிளம்பினார். அவர் போன பிறகு அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். "குடுத்துருங்க அண்ணாச்சி. ஊரு உலகமே குடுக்குது. இந்தக் கடையும் போனா எங்க போவிய?" நிஜத்தில் நான் கேட்க நினைத்தது, நீங்கள் போனால் நான் என்ன செய்வேன் என்பதுதான்.

மறுநாள் மதியம் கையாட்டி என்னைக் கூப்பிட்டார். மடியிலிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றிய அட்டை ஒன்றை எடுத்தார். ஊராருடைய அட்டைகளையெல்லாம் நகலெடுத்த மெஷினில் முதல்முறையாகத் தன் அட்டையை வைத்தார். பழக்க தோஷம், கண்ணை மூடிக்கொண்டார். மெஷின் உறுமியது. நகல் வந்து தட்டில் மல்லாந்து விழுந்தது. அன்றைக்கென்று பார்த்து நேராக, ஓரம் சிதையாமல் விழுந்தது போல எனக்குத் தோன்றியது. உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால் நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். குடைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "எந்தா, ரெண்டாளும் சேந்து பிரார்த்தனையா?" என்றார்.

அண்ணாச்சிதான் முதலில் கண் திறந்திருக்க வேண்டும். "தம்பி, பாத்தியளா?"

"இல்ல அண்ணாச்சி. கண்ண மூடிக்கிட்டேன்."

என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "நீங்க பாத்திருக்கலாம் தம்பி" என்றார். "நீங்க பாத்தா ஒண்ணுமில்ல." பிறகு அந்த நகலை எடுத்து, மடித்து, வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்தார்.

அந்த வாரமே, மேனேஜருக்கு ஒன்றும் கொடுக்காமல், மெஷினை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என்னிடம் "வாறேன் தம்பி" என்றார், அவ்வளவுதான். களியக்காவிளைக்குப் போகிறேன் என்று குடைக்கடையில் சொல்லியிருக்கிறார். தென்காசி என்று பாத்திரக்கடையில். பொன்முடி எஸ்டேட்டில் அக்கா மகன் வீடு என்று டீக்கடையில். மூன்றையும் நம்பி மூன்று இடத்துக்கும் போனேன். "பேரென்ன?" என்று கேட்டார்கள். கண்மூடி அண்ணாச்சி என்றேன். என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். உலகத்தில் எல்லோருடைய விவரமும் சந்தைக்கு வந்துவிட்டது, எனக்கு வேண்டிய ஒருவருடையது மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. அந்தத் திருடர்களிடம் போய்க் கேட்டால்கூட பாஸ்கரன் என்றுதான் சொல்வார்கள். போனது ஒருவர்தான், ஆனால் சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமா அத்தனை பேரும் ஒரே ஆட்டோவில் போனது மாதிரி இருக்கிறது.

எனக்கு இன்றைக்கும் போன் வந்துகொண்டே இருக்கிறது. லோன் வேண்டுமா, லேகியம் வேண்டுமா, ஃபிளாட் வேண்டுமா. நம்பரை மாற்று என்று மண்டியில் திட்டுகிறார்கள். எப்படி மாற்றுவது? புது நம்பரை முதலில் யாரிடம் சொல்ல வேண்டுமோ, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லையே. அதனால் தெரியாத எண் எது வந்தாலும் எடுத்துவிடுகிறேன். "சார், கிரெடிட் கார்டு..." என்று ஆரம்பித்ததும் மனசு வாடும்.

அண்ணாச்சி, உங்கள் கதையையெல்லாம் இப்படிப் பத்திரிகையில் பரப்பிவிட்டேன். எங்கேயாவது கடலைப் பொட்டலத்தில் இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்தால் கோபம் தலைக்கேறும் என்று தெரியும். கண்ணை மூடாமல் முழுக்கப் படித்துவிட்டு, என்னைத் திட்டுவதற்காவது ஒரு போன் போடுங்கள். பழைய நம்பர்தான். இன்னும் மாற்றவில்லை.