யாருக்கும் சொந்தமில்லாத ‘கூட்டு’

மனித குலம் சொத்துத் தகராறு என்னும் நோயிலிருந்து முற்றிலும் விடுபட்ட ஒரே இடம் திறந்த மூல மென்பொருள் உலகம்தான் என்று நான் எந்த மேடையிலும் அறிவிப்பேன். அங்கே நிரல் எழுதுகிறவர் ஊருக்காக எழுதுகிறார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றுக்காக இரண்டு பேர் எத்தனை கண்ணியமாக அடித்துக்கொள்ள முடியும் என்பதைக் கோழிக்கோட்டில் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பிழைக்க வந்து அங்கேயே தங்கிவிட்ட என்னை ‘கூட்டு’ என்ற திட்டத்துக்குச் செயலாளராக்கியிருந்தார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நடுநிலைக்கு அதைவிடப் பெரிய தகுதி ஏது?

‘கூட்டு’ என்றால் மலையாளத்தில் துணை. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் மையங்கள் மலபாரில் நிறைய உண்டு. எந்த நர்ஸ் இன்று எந்த வீட்டுக்குப் போக வேண்டும், யாருக்கு என்ன மருந்து, யாருக்குச் சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டும் என்பதைக் கைப்பேசியில் காட்டுவதுதான் இந்த மென்பொருளின் வேலை. முற்றிலும் இலவசம்.

உண்ணிமோகன் அதைத் தொடங்கினார். ஜோபின் வளர்த்தார். ஒரே பொட்டலத்தில் பிரியாணி தின்ற நண்பர்கள். திட்டத்தின் முகப்பில் உண்ணிமோகன் ‘நிறுவனர்’, ஜோபின் ‘இணை நிறுவனர்’. ஒருநாள் அந்த ‘இணை’ காணாமல் போனது. மறுநாள் காலையில் திரும்பி வந்தது. சாயங்காலம் மறுபடி போனது.

மாவூர் ரோட்டில் ஒரு லாட்ஜ் மாடியில் அவசரப் பொதுக்குழு கூடியது.

“முதல் வரியை எழுதினவன் நான்,” என்றார் உண்ணிமோகன்.

“அந்த வரி இப்ப எங்கே இருக்கு? தேடிக் காட்டு. அதை அழிச்சதே நான்தான்,” என்றார் ஜோபின்.

“நான் எழுதி வெச்சதாலதானேடா உனக்கு அழிக்கக் கிடைச்சது?”

“தப்பா எழுதினே, அழிச்சேன். அப்ப இன்னைக்குச் சரியா இருக்கறது பூரா யாரோடது?”

அடுத்து ஜோபினின் புகார். அவர் அனுப்பிய நீண்ட விளக்கத்துக்கு உண்ணிமோகன் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் பதிலாகப் போட்டிருந்தார். “அது நக்கல் விரல்!” என்றார் ஜோபின். நன்னடத்தைக் குழு விரலின் உள்நோக்கத்தை விசாரித்து, ‘விரல் குற்றமற்றது, வைத்த நேரம் சரியில்லை’ என்று தீர்ப்பளித்தது. ‘திறந்த மூலம்’ என்று தமிழில் சொன்னால் என் ஊர்க்காரர்கள் வைத்தியர் முகவரியைக் கொடுப்பார்கள். அன்று அந்த மாடியில் ஒருவராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்பதைக் கண்டபோது, பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி என்று புரிந்தது.

மதிய உணவுக்குப் பிறகு உண்ணிமோகன் கை கழுவப் போனார். அந்த இடைவெளியில் ஜோபின் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றிவிட்டார். ஈரக் கையோடு வந்த உண்ணிமோகனைக் கணினி உள்ளே விடவில்லை. இணைய முகவரி அவர் பெயரில் பதிவாகியிருந்தது. ஈரம் காய்வதற்குள் அதை மூடினார். ஆக, சாவி ஒருவரிடம், வாசல் இன்னொருவரிடம்.

அந்த வாரமே திட்டம் இரண்டாகக் கிளை பிரிந்தது. உண்ணிமோகனுடையது ‘அசல் கூட்டு’. ஜோபினுடையது ‘தூய கூட்டு’. எங்கள் துறையில் இதற்குச் சுதந்திரம் என்று பெயர். மையங்களுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினேன். சில மையங்கள் அசலை எடுத்தன, சில தூயதை எடுத்தன, குழம்பியவை இரண்டையும் எடுத்தன.

ஷம்லா என்ற நர்ஸ் எனக்குப் போன் செய்தாள்.

“சேட்டா, பீரான் ஹாஜியார் வீட்டுல ரெண்டு நர்ஸ் வந்து நிக்கிறோம். என்னை அசல் அனுப்பிச்சு, இவளைத் தூயது அனுப்பிச்சு.”

“நல்லதுதானே? ரெண்டு பேருமா பாருங்க.”

“அவருக்கு எனிமா குடுக்கணும், சேட்டா. ரெண்டு தடவை குடுக்கவா?”

அறிக்கையில் அதை ‘இரட்டிப்புச் சேவை’ என்று பதிவு செய்தேன்.

ஒருவருக்கு இரண்டு நர்ஸ் போனால் இன்னொருவருக்கு ஒருவரும் போகவில்லை என்றுதானே பொருள்? அந்த இன்னொருவர் தாட்சாயணி டீச்சர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை, தனியாக இருப்பவர். அவர் தூயதின் பங்கு என்று அசல் விட்டது. அசலின் பங்கு என்று தூயது விட்டது. டீச்சரைப் பார்த்து நாளாயிற்றே என்று ஷம்லா தானாகப் போய்க் கதவைத் திறந்தபோது, குழாய் அடைத்து, வயிறு வீங்கி, காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் பிழைத்துவிட்டார். பிழைத்துத் தொலைத்தார் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் அவர் பெயரில் ஆளுக்கொரு நினைவு விருது அறிவித்திருப்பார்கள்.

“ரெண்டு பேரும் நேர்ல வந்து டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லேன்னா நான் பத்திரிகைக்காரங்களோட வருவேன்,” என்றாள் ஷம்லா. வந்தார்கள். தனித்தனி ஆட்டோ, தனித்தனி ஆரஞ்சுப் பழப் பை. செயலாளர் என்ற முறையில் நானும் போனேன்.

உண்ணிமோகன் தொண்டையைச் செருமினார். “டீச்சர், ‘கூட்டோட’ நிறுவனர்ங்கிற முறையில...”

“எந்த முறையில?” என்றார் ஜோபின். “டீச்சர், நிறுவனர் நான். என் சார்புல...”

“உன் சார்புலயா? முதல் வரி எழுதினது யாருடா?”

டீச்சர் கை உயர்த்தினார். வகுப்பறைப் பழக்கம் போலும். இருவரும் சட்டென்று அடங்கினார்கள்.

“முதல் வரியைப் பத்தி நான் கேக்கல, பிள்ளைகளா. என் பேரு விட்டுப்போச்சே, அந்த வரி யாரோடது?”

“அவனோடது!”

இருவர் குரலும் ஒன்றாக வந்தது. இருவர் விரலும் ஒரே நேரத்தில் நீண்டன. தன் உரிமை முழுவதையும் ஒருவர் மற்றவருக்கு மனமுவந்து தாரைவார்த்த அந்த மகத்தான காட்சியில் எனக்குக் கண் கலங்கியது.

“ஷம்லா மோளே,” என்றார் டீச்சர், “என்னைச் சுவர்ப் பக்கமாத் திருப்பிப் போடு.”