சத்தம் போடாத புல்வெட்டி பற்றி மச்சானுக்கு

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் 'நாங்கள் இருவரும் நலம்' என்று எழுதுவேன். இருவரில் ஒருவர் நான்கு நாட்களாகத் தங்கள் வீட்டில் இருப்பதாலும், மற்றவர் நலமாக இல்லாததாலும், தாங்கள் என் மேல் இருக்கும் கோபத்தில் தங்கள் நலம் விசாரிப்பது கிண்டலாகப் படும் என்பதாலும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் பேசியிருக்கலாம்தான். கூப்பிட்டால் தாங்கள்தான் எடுப்பீர்கள். எடுத்து "ம்" என்பீர்கள். அந்த "ம்"முக்குப் பிறகு எனக்கு எந்தக் காலத்திலும் பேச்சு வந்ததில்லை. அதனால்தான் கடிதம்.

நடந்ததைத் தங்கள் தங்கை சொல்லியிருப்பாள். கோபத்தில் கூட்டியும் சொல்லியிருக்கலாம், என் மேல் உள்ள இரக்கத்தில் குறைத்தும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே எனக்கு நல்லதல்ல என்பதால் என் தரப்பை முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் பழைய புல்வெட்டி டிராக்டரைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். போன தடவை வந்தபோது அதைச் சுற்றி வந்து, காலால் டயரைத் தட்டி, "இதை இன்னுமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டீர்கள். வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இருக்கை கிழிந்து சாக்கைப் போட்டு உட்காருகிறேன், சாவி தொலைந்ததிலிருந்து திருப்புளியை விட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறேன், பெல்ட் வாரம் ஒரு முறை நழுவும், இடது பக்கம் மட்டும்தான் திரும்பும், வலது பக்கம் போக வேண்டுமானால் இடது பக்கம் மூன்று முறை திரும்பி ஊரைச் சுற்றி வர வேண்டும். இந்த லட்சணத்தில் போன மாதம் பிளேடு ஒரு கல்லில் அடித்து, வண்டி முழுக்க உதற ஆரம்பித்தது. மெக்கானிக்கை வரவழைத்தேன். அவருக்கு இங்கே 'டாக்டர்' என்றுதான் பெயர், எதைப் பார்த்தாலும் முதலில் தலையை ஆட்டி உதட்டைப் பிதுக்குவார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல சார். இருக்கிற வரைக்கும் ஓட்டுங்க," என்றார். தங்கள் தங்கை கேட்டுவிட்டு, புது வண்டி பார்க்கலாம் என்றாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த வண்டி போடும் சத்தத்தைத் தாங்கள் கேட்டதில்லை, தாங்கள் வரும் நாட்களில் நான் புல் வெட்டுவதில்லை. மேலே உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. நானோ காதுக்குக் கவசம் மாட்டிக்கொண்டுதான் ஓட்டுவேன், ஆகவே எனக்கே கேட்காது. வாங்கிய புதிதில் ஒரு சனிக்கிழமை அலுவலகத்து மேலதிகாரியை நினைத்து ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு வார்த்தை. அப்படியே பழகிப் போய்விட்டது மச்சான். சிலர் நாட்குறிப்பு எழுதுகிறார்கள், சிலர் குடிக்கிறார்கள், நான் சனிக்கிழமை புல் வெட்டுவேன். முதல் சுற்றில் அக்கம்பக்கம், இரண்டாம் சுற்றில் சொந்தபந்தம், மூன்றாம் சுற்றில் நான். இருக்கையில் உட்கார்ந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இறங்கும்போது நெஞ்சு லேசாகிவிடும், ஒரு வாரம் தாங்கும். வீட்டுக்குள் நான் எதையும் பேசாத மனிதன் என்று தாங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

கடையில் இரண்டு வண்டி காட்டினார்கள். ஒன்று சிவப்பு, பெட்ரோல், நல்ல கனம். இன்னொன்று பேட்டரியில் ஓடுவது, பச்சை. தங்கள் தங்கை பச்சையைப் பார்த்து, "சத்தமே இருக்காதாமே, ஓட்டித்தான் பாப்போமே," என்றாள். எனக்குச் சத்தம் ஒரு தொந்தரவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு இல்ல, எனக்கு இருக்கு," என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. விற்பனையாளர் நல்ல பிள்ளை, சனிக்கிழமை மாலை பச்சை வண்டியை வீட்டுக்கே ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்றார். பின்பக்கப் படியில் தங்கள் தங்கையும் அவரும் டீக் கோப்பையோடு நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் அண்டை வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் காதுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். இதுதான் மச்சான் நான் செய்த தப்பு. சத்தமே இல்லாத வண்டிக்குக் காதுக் கவசம் மாட்டிய முட்டாள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாட்டிய பிறகு எனக்கு எந்த வண்டியும் ஒன்றுதான், பாருங்கள். வாய் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. அதுவும் எப்படி, இஞ்சினை மீறிக் கத்திப் பழகிய குரலில்.

முதல் சுற்று அண்டை வீட்டுக்காரரைப் பற்றி. அவர் அங்கேயே உட்கார்ந்திருந்ததால் அது போகட்டும். இரண்டாம் சுற்று தங்களைப் பற்றி. தாங்கள் கேள்விப்பட்டது சரிதான். மீசைக்குச் சாயம் பூசுபவர் தலைக்கும் பூசினால் என்ன, இரண்டும் இரண்டு ஆளுடையது மாதிரி இருக்கிறதே என்று சொன்னேன். எங்கள் வீட்டுக்கு வந்ததும் சுவரைத் தடவித் தடவி "ஈரம் இருக்கே, ஈரம் இருக்கே" என்கிறீர்களே, அதைத் தங்கள் குரலிலேயே சொன்னேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இரவல் கொண்டுபோன ஏணியில் ஏறி மேலே போய்விட்டீர்களா, இன்னும் இறங்கவில்லையே என்று கேட்டேன். இதெல்லாம் மனதில் இருந்து வந்ததல்ல, வாயில் இருந்து வந்தது. பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும். ஏணி மட்டும் உண்மை.

மூன்றாம் சுற்றுதான் என் குடியைக் கெடுத்தது. கொட்டகையைத் தாண்டியதும் வாரா வாரம் சொல்வதைச் சொன்னேன். "அந்த இடமாற்றம் மேலிடத்து உத்தரவுன்னு அவகிட்ட சொன்னேன். உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானே எழுதிக் கேட்டு வாங்கினது. பெரிய வீடும் புல்தரையும் வேணும்னு வாங்கினது. இந்தப் பாழாப்போன புல்லுக்காக அவ வேலைய விட வெச்சேன்." இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் இருந்தாள் என்பது தங்களுக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையில் அவள் கை வைத்தால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று டாக்டர்களே சொல்வார்கள். அடுத்த வருடம் தலைமைப் பொறுப்பு அவளுக்கு என்று முடிவாகியிருந்தது. நான் உத்தரவு என்றதும் அழவில்லை, தகராறு செய்யவில்லை. "உத்தரவுன்னா போய்த்தானே ஆகணும்," என்று சொல்லி ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இத்தனை வருடம் அந்தச் சோற்றையே சாப்பிட்டிருக்கிறேன்.

சுற்றை முடித்துப் படியருகே வந்து நிறுத்திக் கவசத்தைக் கழற்றினேன். ஒரு குருவி கத்தியது தெளிவாகக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேள் கொட்டிய திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். விற்பனையாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "வண்டி எப்படி சார் இருக்கு?" என்றார். தங்கள் தங்கை அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. துணி மடித்து வைக்கும் அளவுக்கு நேரம் போனது. ஆறு மணிக்குச் சின்னப் பெட்டியோடு வெளியே வந்து, "நான் கெளம்பறேன்," என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. தங்கள் வீட்டைத் தவிர அவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

மறுநாள் காலை அண்டை வீட்டுக்காரர் நான்கு பக்கம் தட்டச்சு செய்த தாளோடு வந்தார். அவர் நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்து எழுதியவர், பேச்சு காதில் விழுந்தால் கை தானாக எழுதிவிடுமாம். "தேவைப்படும்னு தோணிச்சு. உங்க பக்கத்துல ஒரு பிரதி இருக்கறது நல்லது," என்றார். படித்துப் பார்த்தேன், ஒரு சொல் பிசகவில்லை. தங்கள் தங்கை சொன்னதற்கும் நான் மேலே எழுதியதற்கும் வித்தியாசம் இருந்தால் சரிபார்க்கும்படி அதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மச்சான், வீட்டில் சத்தமே இல்லை. அவள் இருந்தபோதும் நாங்கள் அதிகம் பேசியதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேசாமல் இருப்பதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. டீ இரண்டு கோப்பை போட்டுவிட்டு இரண்டையும் நானே குடிக்கிறேன். நேற்று பழைய வண்டியில் போய் உட்கார்ந்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. சும்மா உட்கார்ந்து பேசிப் பார்த்தேன், வாய் திறக்கவில்லை. புல் அதற்குள் மறுபடி தலை தூக்கிவிட்டது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் பின்பக்க ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிறேன். அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இந்த வயதில் பயத்தை எழுதுவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்கள், எனக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

ஆகவே நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பச்சை வண்டி இந்த வாசற்படி ஏறாது. சிவப்பு வண்டியையே வாங்கிவிடுகிறேன். நாலு வீடு தாண்டியும் அதன் சத்தம் கேட்கும் என்று விற்பனையாளர் உத்தரவாதம் தருகிறார். இனி நான் சொல்லும் ஒரு சொல்லும் தங்கள் தங்கையின் காதில் விழாது. இதைவிடப் பெரிய பரிகாரம் எனக்குத் தோன்றவில்லை. தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவளைப் பஸ் ஏற்றி அனுப்பி வைக்க வேண்டும். தாங்கள் சொன்னால் கேட்பாள். அவளுடைய மூக்குக்கண்ணாடி ஒன்று இங்கே குளிர்பதனப் பெட்டி மேல் இருக்கிறது, தேடிக்கொண்டிருப்பாள், சொல்லிவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், அவற்றுக்கு இன்னும் ஏதாவது மதிப்பு இருக்குமானால். தாங்கள் தீர்க்காயுசோடு, கருத்த மீசையோடு வாழ வேண்டும் என்று மனதார வேண்டும்,

தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தங்கள் தங்கை வந்துவிட்டாள். தங்கள் வீட்டிலிருந்து அல்ல. தங்கள் வீட்டுக்கு அவள் போகவே இல்லையாம். ஆகவே மேலே கண்ட எதுவும் தங்களுக்கு இதுவரை தெரியாது, மீசை உட்பட. உடனே கிழிக்கப் போனேன். அவள் வாங்கி, நின்றபடியே முழுதும் படித்துவிட்டு, "கிழிக்காதீங்க, அனுப்புங்க. அண்ணனுக்கும் தெரியட்டும். அந்த நாலு பக்கத்தையும் சேர்த்தே வைங்க," என்றாள். பிறகு, "வேற போக்கிடம் ஏதுன்னு எழுதியிருக்கீங்களே," என்றாள். பழைய ஊருக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு எதிரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஆய்வுக்கூடம் இப்போது இரண்டாம் மாடியாம். தலைமை நாற்காலியில் ஒரு சின்னப் பெண்ணாம். இவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நோயாளி என்று நினைத்து யாரோ டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். "கூப்பிட்டாங்க. ரத்தம் குடுத்துட்டு வந்தேன். சக்கரை கொஞ்சம் கூடவாம்," என்றாள்.

இடமாற்ற விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அது எனக்குத் தெரியும். இங்க வந்த மூணாவது மாசமே உங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் சொல்லிட்டா," என்றாள். தெரிந்திருந்தும் இப்போது ஏன் போனாய் என்று கேட்டேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருபத்தேழு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். அதை வாராவாரம் வண்டிகிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றாள்.

சிவப்பு வண்டி இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கடைக்குப் போய்ப் பச்சையைப் பதிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்கே வந்திருக்கிறாள், திங்கட்கிழமை வருகிறது. இப்போது எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தபால்தலை ஒட்டிவிட்டு வருகிறேன் என்றேன். "அதை அப்புறம் ஒட்டலாம். மொதல்ல சொல்லுங்க," என்கிறாள்.