பதிவேட்டில் விழுந்த என் பெயர்

பேரன்புள்ள ஹில்டா அக்காவுக்கு,

தம்பி நார்மன் வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் நலம்தானே? இங்கே மழையையும் என் வீட்டுக்காரி டோரீனின் கோபத்தையும் தவிர மற்றதெல்லாம் சுகம்.

இருபது வருஷமாக அந்த கிராமர் ஸ்கூல் வாசலில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறேனே தவிர, உள்ளே கால் வைத்தது என் மகன் டோபி நுழைவுத் தேர்வில் தேறிச் சேர்ந்த இந்தச் செவ்வாய்க்கிழமைதான். அக்கா, அதுவா பள்ளிக்கூடம்! நானூறு வருஷத்து மண்டபம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கும் உயரம், சுவரெல்லாம் தங்க எழுத்தில் பழைய மாணவர்களின் பெயர்கள், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போய், படத்திலிருந்த ஸ்தாபகருக்கே தொப்பியைக் கழற்றி "குட் மார்னிங் சார்" சொல்லிவிட்டேன். புதுப் பையன் அப்பாவோடு மேடையேறி, ஆதிநாளிலிருந்து வரும் தோல் அட்டைப் பதிவேட்டில் இறகுப் பேனாவால் தன் பெயரையும் வயதையும் எழுத வேண்டும், அது அங்கே வழக்கம். கறுப்பு அங்கி போட்ட தலைமையாசிரியர் பேனாவை நீட்டினார், நான் வாங்கினேன், எழுதியும்விட்டேன். என் பெயரை!

மண்டபமே கொல்லென்று சிரித்தது. "இந்த மனுஷன எங்கயாவது கூட்டிட்டுப் போக முடியுதா!" என்று டோரீன் தலையில் அடித்துக்கொண்டாள். டோபி என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டு, "அந்த வரிய அடிக்கிற வரைக்கும் எங்கிட்டப் பேசாதீங்க" என்றான். தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. நான் எழுதியதை வெகுநேரம் படித்தார். "இதுல இதுவரைக்கும் ஒரு வரியக்கூட யாரும் அடிச்சதில்ல, மிஸ்டர் பிளம்ரிட்ஜ். தெரியாம எழுதிட்டீங்கன்னு உங்க சொந்தக்காரங்க எழுதிக் கொடுத்தா, நிர்வாகக் குழுவுல வச்சுப் பார்க்கலாம்" என்றார்.

ஆகவே அக்கா, இவன் பிறந்ததிலிருந்தே கவனம் கெட்டவன் என்று, என் கல்யாணத்திலேயே சாட்சிக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான் என்பதையும் சேர்த்து, உடனே ஒரு கடிதம் அவருக்கு அனுப்பு. பிள்ளை முகத்தில் விழிக்க முடியவில்லை.

அத்தானின் முழங்கால் வலி தீரட்டும், குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தம்பி,
நார்மன்

பி.கு.: அந்தக் கடிதத்தை எழுதிவிடாதே. இன்று காலை டோபியே வந்து, "ஏம்ப்பா, வயசுங்கிற எடத்துல பதினொன்னுன்னு போட்டிருக்கீங்க?" என்று கேட்டான். பதினொரு வயதில் அந்தப் பள்ளிக்கான தேர்வில் தோற்று, அதே வாசலில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததைச் சொன்னேன். தெரியாமல் எழுதவில்லை அக்கா, தெரிந்தேதான் எழுதினேன். அவன் கையிலிருந்த டோஸ்ட்டைத் தின்று முடித்தான். பிறகு, "அத்தைய எழுத வேணாம்னு சொல்லிடுங்க. ஆனா நீங்க எனக்கு சீனியர்னு மட்டும் ஸ்கூல்ல யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான்.