சாப்பிட்டதும் கிளம்பும் எவாரிஸ்தோ

"மறுபடியும் எங்கய்யா கிளம்பிட்டே?" என்றாள் தொமித்திலா.

"கூட்டாளிங்களோட தோமினோ கட்டை ஆட" என்றார் எவாரிஸ்தோ, ஷூ கயிற்றைக் கட்டியபடி.

போனதென்னவோ நடக்கத்தான். கம்பெச்சே என்ற கடலோர ஊரில் முப்பது வருடமாக இனிப்பு ரொட்டி சுடுகிறவர் அவர். மருத்துவ நிலைய நர்ஸ் யாதிரா சொல்லிவிட்டாள்: "உங்களுக்கு சர்க்கரை வியாதி. இன்சுலின் நிறையவே சுரக்குது. உங்க உடம்புதான் அது பேச்சைக் கேக்க மாட்டேங்குது. எடையைக் குறைங்க, மாத்திரை போடுங்க, சாப்பிட்டதும் நடங்க. மெல்ல மெல்லக் கேக்கும்."

"என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியக் கூடாது. கடையையே மூடிடுவா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மூன்றாம் நாளே தோமினோக்காரர் ஒருவர் ரொட்டி வாங்க வந்து, "எங்கம்மா உன் புருஷன்? ஆளையே காணோம்" என்றார்.

தொமித்திலா குடைந்தபோதும் எவாரிஸ்தோ அசரவில்லை. "பக்கத்து வீட்டு நாயை நடக்கக் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் நாயை இரவல் வாங்கினார். அந்தக் கிழட்டு நாய் பாதி வழியில் படுத்துக்கொண்டது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் மீன்காரி சொன்னாள்: "கடற்கரையில உன் புருஷன் யாரையோ கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் போனாரே!"

அன்றிலிருந்து தொமித்திலா தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு ஐம்பதடி பின்னாலேயே போனாள். எவாரிஸ்தோ கவனித்துவிட்டார். அவளை ஏய்க்க வேகத்தைக் கூட்டினார். அவளும் கூட்டினாள். மீன்பிடித் துறைமுகம் வரை இழுத்தார். அங்கேயும் வந்தாள்.

மூன்று மாதத்தில் அவர் தொப்பை கரைந்தது. புதுச் சட்டை வாங்கினார்.

"யாருக்காக இந்த மினுக்கு?" என்று அவர் பையைத் துழாவினாள். ஒரு சீட்டு: 'யாதிரா. வியாழன், ஒன்பது மணி.'

வியாழனன்று தொமித்திலா புயலாக மருத்துவ நிலையத்துக்குள் நுழைந்தாள். "எத்தனை மாசமா எம்புருஷன் உன்கிட்ட வர்றாரு?"

"மூணு மாசமா" என்றாள் யாதிரா, தலையைத் தூக்காமலே. "உங்களுக்கு மூச்சு வாங்குது. உக்காருங்க, விரலை நீட்டுங்க."

உள்ளே உட்கார்ந்திருந்த எவாரிஸ்தோ வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டினார். தொமித்திலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"இதுக்காகவா நாயைத் தூக்கிட்டு அலைஞ்சே? நான் வேற என்னென்னமோ நெனைச்சு... இனி உன் பின்னாடி ஒரு அடி வெச்சா என் பேரு தொமித்திலா இல்ல!"

யாதிரா அவள் விரலில் குத்திப் பார்த்த அளவை அவளுடைய பழைய அட்டையோடு ஒப்பிட்டாள்.

"அவசரப்படாதீங்கம்மா. போன வருஷம் சர்க்கரைக்காக உங்களையும்தான் நடக்கச் சொன்னேன், முழங்கால் வலின்னீங்க. இப்ப பாருங்க, அவரைவிட உங்களுக்குத்தான் சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. இன்னும் மூணு மாசம் விடாம சந்தேகப்படுங்க!"