ஜெர்மன் சம்பந்தியும் கால்வாய் மூடியும்

நான் வாழ்க்கையில் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடம் சரித்திரம் நடத்தியவனுக்கு எதைச் சொல்லாமல் விட்டால் ஒரு சின்ன ராஜா பெரிய சக்கரவர்த்தி ஆவார் என்பது தெரியும். அந்த வித்தையை மூத்த மகள் கயலின் நிச்சயதார்த்தத்தில் காட்டப் போய்த் தெருவே பார்க்க மானம் போனது.

கயல் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்த்த யோனாஸைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் உறவுக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? முதலில் போன் செய்தவர் என் மச்சான்.

“பையனோட அப்பா இன்னா பண்றாரு மாமா?”

“மேயர்.”

முப்பது வருடத்தில் முதல் தடவையாக மச்சானை வாயடைக்க வைத்துவிட்டேன். அந்த ருசி என்னைக் கெடுத்தது.

“நம்ம மேயர் மாதிரியா?”

“இவர் பதினெட்டு வருஷமா மேயர்.”

இரண்டும் உண்மை. யாரும் போட்டிக்கு வராததால்தான் பதினெட்டு வருடம் என்பதையும், ஊரில் மொத்தம் நானூற்றுச் சொச்சம் பேர் என்பதையும் நான் சொல்லவில்லை. (எங்கள் தெருவில் ஒரு பக்க வீடுகளில் இருக்கும் ஆட்களை மட்டும் எண்ணினாலே அதற்கு மேல் தேறும்.)

எனக்கு அந்த ஊர் தெரியாமல் இல்லை. அதுதான் கொடுமை. சரித்திர வாத்தியார் புத்தி, ஊர் வரலாற்றை அனுப்பச் சொல்லி, கயல் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். ஊரின் பெயர் முதலில் வருவது எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஒரு மடத்துக் கணக்கேட்டில். குடியானவர்கள் மடத்துக்கு வருடத்துக்கு இத்தனை முட்டையும் ஒரு பன்றியும் தர வேண்டும் என்ற இடத்தில். பிறகு ஒரு நெடும்போரில் ஊர் எரிந்து ஏழு அடுப்புகள் மட்டும் மிஞ்சின. இப்போது கடை கிடையாது. வாரம் இருமுறை ரொட்டி வண்டி வந்து ஹாரன் அடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பஸ்தான் ஊருக்கே பஸ். லீவு விட்டால் அதுவும் வராது. ஆண்கள் பாதிப்பேர் சம்பளமில்லாத தீயணைப்புப் படை. சனிக்கிழமை நடுப்பகலில் சங்கு ஊதிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் சுத்தியல் எடுக்கக் கூடாது. மேயருக்கு மாடுகள்தான் பிழைப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டகையில் மேசை போட்டு உட்காருவார். குறையுள்ளவர்கள் வந்து சொல்லலாம்.

எட்டு நூற்றாண்டு எனக்கு அத்துப்படி. எங்கள் தெருவில் எந்தக் கால்வாய் மூடி உடைந்திருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டோல்கேட் பக்கம் பிளெக்ஸ் அடிக்கும் பாபு என் பழைய மாணவன். சம்பந்தியின் படம் கேட்டான். என்னிடம் இருந்த ஒரே படத்தில் அவர் ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

“மாட்டத் தூக்கிட்றேன் சார். மேல ஒரு செவப்பு அங்கி, தங்கச் சங்கிலி போட்டுட்டா கெத்தா இருக்கும்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். “சின்னதா போடு” என்று முடித்தேன்.

சம்பந்தி டீட்டர் மகனோடு வந்து இறங்கியபோது, தெருமுனையில் இருபதடி உயரத்தில் அவரே சங்கிலியும் அங்கியுமாக நின்று, இல்லாத மாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சங்கிலி இல்லாத தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பேண்டு வாத்தியம் பிளந்து கட்டியது.

“அவங்க வூட்டம்மா வரலியா?” என்று மச்சான் கேட்டார்.

“ஊர்ப் பொறுப்பு. விட்டுட்டு வர முடியலை” என்றேன். (அந்த அம்மாள் மாடு கறந்துகொண்டிருந்தார்.)

தட்டு மாற்றி முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு நகர்ந்தபோது, பந்தல் வாசலில் ஒரு வரிசை நிற்பதைக் கவனித்தேன். மொய் எழுத வந்தவர்கள் என்று நினைத்தேன். எல்லோர் கையிலும் மனு இருந்தது.

முதலில் வனஜா. எதிர்சாரி வீடு, காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவர். பின்னால் நாற்காலியில் அவர் கணவர், முழங்கால் வரை மாவுக்கட்டோடு.

“சார், எங்கூட்டு வாசல்ல கால்வா மூடி ஒடஞ்சி ஆறு மாசமாவுது. இந்தாளு அதுல உளுந்துதான் காலு போச்சி. கடலுக்குப் போயி நாப்பது நாளாவுது. நாங்க குடுக்காத எடமில்ல. பெரிய மேயரு, நம்மாளுங்களாண்ட ஒரு வார்த்த சொன்னா நடக்குமில்ல? நீயே இங்கிலீசுல சொல்லு.”

டீட்டருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் பதினைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் மச்சான். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சம்பந்தி பக்கம் திரும்பி, “மணமக்கள் நீடூழி வாழ வேண்டும் என்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோய் மனுவை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். நான் வனஜாவிடம் திரும்பி, “பேசறேன்னு சொல்றார்” என்றேன்.

வனஜா புருஷனைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இப்படியே நான்கு மனு போனது. ஐந்தாவதில் கயல் வந்துவிட்டாள்; எல்லாம் வாழ்த்து என்று மாமனார் அவளிடம் பெருமையாகத் தாள்களைக் காட்டினார். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதை நான் எப்படி மறந்தேனோ.

“அப்பா, வனஜாக்கா வாழ்த்தா சொன்னாங்க?”

“பெரிசா ஒண்ணுமில்லைம்மா...”

அவள் என்னைத் தாண்டிப் போய், மாமனாரின் கையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாக ஜெர்மனில் படித்துச் சொன்னாள். அவர் முகம் மாறியது. மாவுக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கயலிடம் ஏதோ சொன்னார்.

கயல் தெருவைப் பார்த்துச் சொன்னாள்: “மன்னிச்சிருங்க. இவர் ஒரு சின்ன கிராமத்துக்குத்தான் தலைவர். இங்க இவர் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. இவர் மாடு வெச்சிருக்கார்.”

வனஜா என்னிடம் திரும்பினார். “சார். அந்த ஊர்ல எத்தினி பேரு?”

“நானூறு” என்றேன். “சொச்சம்.”

“நம்ம மார்க்கெட்ல காலீல நிக்குறவன் அதுக்கு மேல வருவானே! இன்னா சார் நீ, படிச்ச மன்சன், கால ஒடச்சிக்கினு குந்திகினுகீறவன வெச்சிகினு காமெடி பண்ற?”

யாரும் சிரிக்கவில்லை. மச்சான்கூடச் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

டீட்டர் மேசை கேட்டார். பந்தி மேசை ஒன்றைத் துடைத்துப் போட்டார்கள். பட்டு வேட்டியோடு உட்கார்ந்து, பதினைந்து பேர் சொன்னதையும் கயல் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். தன்னால் முடியாது என்பதைப் பதினைந்து பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். கடைசியில் எழுந்து, “ஒன்று மட்டும் முடியலாம், அந்த மூடியைக் காட்டுங்கள்” என்றார்.

குழிமேல் ஒரு பழைய கதவைப் போட்டு வைத்திருந்தார்கள். டீட்டர் அதை நகர்த்தி, சாண் போட்டு நீள அகலம் அளந்தார். கொருக்குப்பேட்டையில் சிமென்ட் பலகை வார்க்கும் பட்டறைக்காரர் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். அவரை எழுப்பிக்கொண்டு போய் ஒரு பலகையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஓரம் செதுக்கச் சுத்தியலைக் கையில் எடுத்த டீட்டர் தயங்கினார். “எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தால் என் மேலேயே புகார் வரும்” என்றார். பிறகு பேண்டு வாத்தியத்தையும், பக்கத்துப் பட்டறையின் ஓசையையும், கண்டெய்னர் லாரி ஹாரனையும் ஒரு நிமிஷம் கேட்டார். திருப்தியாக அடிக்க ஆரம்பித்தார்.

பலகைக்கு நான்கு மூலை. டீட்டர், யோனாஸ், பட்டறைக்காரர் ஆளுக்கொன்று பிடித்தார்கள். நாலாவதுக்கு யார் என்று நான் கேட்கவில்லை. போய்ப் பிடித்தேன். என் மூலைதான் தாழ்ந்தது, என் வேட்டிதான் சாக்கடையில் நனைந்தது. சமையல்காரர் இரண்டு தடவை வந்து சாதம் ஆறுகிறது என்று சொல்லிப் போனார்.

மறுநாள் காலையில் வனஜா வீட்டுக்குப் போனேன். நான் சொல்ல வந்ததை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் புருஷனின் கட்டுப்போட்ட காலைப் பார்த்ததும் பாதிதான் வந்தது. “தப்பு பண்ணிட்டேன் வனஜா. தெரிஞ்சே பண்ணினேன்.”

அவர் மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். புது மூடியை இரண்டு மிதி மிதித்துப் பார்த்தார்.

“எனுக்குக் கோவம் போவல சார். போவும்போது சொல்றேன். ஆனா ஒண்ணு. சின்னதுக்கும் மாப்ள பாக்குறியாமே? கரண்டு ஆபீசு ஆளுங்க வூடா பாத்து முடி. இந்தப் பக்கம் ஓல்டேஜு ரொம்ப பேஜாரா கீது.”

அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. மூன்று வருடமாகிறது. சின்னவளுக்கு எந்த வரன் வந்தாலும், ஜாதகத்தைப் பிரிப்பதற்கு முன்பே என் மனைவி போட்டோவை என்னிடம் நீட்டி, “இவங்க எதை ரிப்பேர் பண்ணுவாங்க?” என்று கேட்கிறாள். சின்னவள் கல்யாணமே வேண்டாம் என்கிறாள். போன மாதம் ஒரு வரன் வந்தது. பையன் பல் டாக்டர். அன்று சாயங்காலமே எதிர்சாரியிலிருந்து நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

வரிசையில் முதலில் வனஜா. என்னைப் பார்த்துச் சிரித்தார்.